ஒரே வயதுக் காடு

முதல் நாள்: மெல்பர்ன்

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அனல் அடித்தது. வடக்கிலிருந்து வீசும் காற்று. உள்நாட்டுப் பாலைவெளியின் மேல் உருண்டு வருவதால் அதில் ஈரம் துளிகூட இருக்காது என்று காரில் ஏறும்போதே அத்தான் பாடத்தைத் தொடங்கிவிட்டார். அக்காவும் அவரும் 2006 முதல் இங்கேதான் இருக்கிறார்கள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று இருவருக்கும் தெரியும். அக்காவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “ஊர் சுத்த வர்றவங்க கடற்கரைக்குப் போவாங்க. எரிஞ்ச காட்டைப் பாக்கணும்னு ஒருத்தன் வந்து இப்பத்தான் பாக்கிறேன்” என்றாள்.

எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது விக்டோரியா மாநிலத்தின் மலைக்காடு. 2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை, ஒரே நாளில் இங்கே பற்றிய தீகளில் 173 பேர் இறந்தார்கள். 2000-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. கறுப்புச் சனி என்று அதற்குப் பெயர். இந்த நாட்டுக்காரர்களுக்குக் கிழமைக்கு நிறம் பூசுவது ஒரு வழக்கம்: 1851-இல் கறுப்பு வியாழன், 1939-இல் கறுப்பு வெள்ளி. காலண்டரே கருகிப்போயிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை இந்த நகரத்தில் 46.4 டிகிரி. தீ அன்றைக்குப் பற்றியது என்றாலும் அதற்கான வேலை பல வருடங்களாக நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாகத் தொடர்ந்த வறட்சி; தோட்டத்துக்குத் தண்ணீர் விடக் கட்டுப்பாடு, கார் கழுவக் கட்டுப்பாடு என்று நகரமே அதற்குப் பழகியிருந்தது. அந்த ஜனவரியில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. மாதக் கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து 43.4, 44.3, 45.1. தண்டவாளங்கள் வளைந்தன, மின்சாரம் போனது. அந்த ஒரு வார வெக்கையில் மாநிலத்தில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள் என்று சுகாதாரத் துறை பிறகு கணக்கெடுத்தது. தீயில் இறந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அவர்களுக்கு நினைவுச்சின்னம் எதையும் நான் பார்க்கவில்லை. வெக்கை சத்தம் போடாமல் கொல்கிறது. பெரும்பாலும் வயதானவர்களை, மூடிய வீட்டுக்குள்.

அத்தானோடு வேலை பார்த்த ஒருவர் அப்போது கிங்லேக் என்ற மலை ஊரில் குடியிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது, “நாளைக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். உயிர் பிழைத்தார், குடும்பமும் பிழைத்தது. வீடு இல்லை. அந்தப் பேச்சை மட்டும் அத்தான் இரண்டு தடவை சொன்னார்.

மாலையில் மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குப் போனோம். சாம் என்ற கோலாவைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் பாட்டிலில் தண்ணீர் கொடுக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அது குடிக்கும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கறுப்புச் சனியின் படம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அது சில நாள் முன்னதாக, வேறொரு இடத்தில், தீ பரவாமலிருக்க வீரர்களே எதிர்த்தீ மூட்டியபோது எடுத்தது. பெயர் சாம் என்றாலும் அது பெண். அந்த ஆகஸ்டிலேயே வேறு நோயால் இறந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது அந்தப் படம்தான் மனதில் இருந்தது.

இரண்டாம் நாள்: கில்மோர் ஈஸ்ட், விட்டில்சீ, கிங்லேக்

இன்று 29 டிகிரிதான். காலையிலேயே வடக்கே கிளம்பினோம். தீ போன வழியிலேயே போக வேண்டும் என்பது என் ஆசை.

கில்மோர் ஈஸ்டில் பார்க்க எதுவும் இல்லை. காய்ந்த புல்மேடுகள், வேலி, மின்கம்பங்கள். இப்படி ஒரு கம்பத்தில் இருந்துதான் அன்று முற்பகல் 11.45 சுமாருக்கு ஒரு பழைய மின்கம்பி அறுந்து விழுந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் அதன் பொறி புல்லில் பற்றியது. அந்த ஒரு பொறிக்கு 119 உயிர். விசாரணை ஆணையத்தின் அறிக்கைப்படி, அன்று தொடங்கிய 11 பெருந்தீகளில் 5-க்குக் காரணம் மின்சாரக் கருவிகளின் கோளாறு. பிறகு நடந்த வழக்கில் மின் நிறுவனம் உள்ளிட்டோர் கிட்டத்தட்ட 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டார்கள். கம்பி அறுந்த கணத்திலேயே மின்னோட்டத்தை அடக்கிவிடும் கருவிகளை இப்போது மாநிலத்தில் பல இடங்களில் பொருத்தியிருக்கிறார்கள்.

‘வெயிலால் வந்த தீ’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெயில் தானாகக் காட்டைப் பற்றவைப்பதில்லை. பற்றவைப்பது கம்பி, மின்னல், சிகரெட், வெல்டிங் பொறி, சில சமயம் தெரிந்தே வைக்கும் கை. மற்ற வருடமாக இருந்தால் அந்தக் கம்பியின் பொறி ஒரு மூலைப் புல்லைக் கருக்கிவிட்டு அணைந்திருக்கும். வறட்சியும் வெக்கையும் செய்வது வேறு வேலை. தரையில் கிடக்கும் சருகு, சுள்ளி, விழுந்த கட்டை, மரத்தில் தொங்கும் பட்டை எல்லாவற்றிலும் இருக்கும் ஈரத்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உறிஞ்சி எடுக்கின்றன. சுள்ளி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். தடித்த கட்டை காய்வதற்கு ஒரு நீண்ட வறட்சி வேண்டும். கட்டையும் காய்ந்துவிட்டால் காட்டில் ஈரப் பள்ளத்தாக்கு என்று எதுவும் மிஞ்சுவதில்லை. வழக்கமாக ஓடைக்கரையில் வந்து நின்றுவிடும் தீ அன்று ஓடையைக் கவனிக்கவே இல்லை.

ஹியூம் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்தோம். இரண்டு பக்கமும் பல தடங்கள், நடுவே அகலமான மேடை. இதைத் தீ தாண்டாது என்று யாரும் நினைப்பார்கள். மதியத்துக்கெல்லாம் தாண்டிவிட்டது. காரணம் கங்கு. யூகலிப்டஸ் மரங்களில் பட்டை நாடா நாடாவாக உரிந்து தொங்கும். தீயில் அது சுருண்டு குழலாகி, உள்ளே கனன்றபடியே காற்றில் ஏறிப் பறக்கும். அன்று தீமுனைக்கு 30 கிலோமீட்டர் அப்பால்கூடக் கங்கு விழுந்து புதுத் தீ பற்றியிருக்கிறது. அணைக்கப் போகிறவர்களுக்கு முன்னாலும் தீ, பின்னாலும் தீ.

விட்டில்சீயில் கொல்லர்கள் செய்த மரம் ஒன்று நிற்கிறது. எஃகு இரும்பில் அடித்த யூகலிப்டஸ். தீயில் இழந்தவர்களுக்காகப் பல நாட்டுக் கொல்லர்கள் ஆளுக்குச் சில இலைகளாக அடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான இலைகள், சிலவற்றில் பெயர்கள். தீயால் போனவர்களுக்குத் தீயில் காய்ச்சிய இலை. எனக்கு முதலில் உறுத்தியது. அருகில் போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு இலையிலும் சுத்தியல் விழுந்த இடம் தனியாகத் தெரிந்தது. உறுத்தல் போய்விட்டது.

அங்கிருந்து கிங்லேக்குக்கு ஏற்றம். கிங்லேக் மலை முகட்டில் இருக்கிறது, தெற்கே நகரத்தின் கட்டடங்கள் கோடாகத் தெரியும் உயரத்தில். குளிர்ச்சியான, மரங்கள் அடர்ந்த இந்த இடத்தைத்தான் மக்கள் தேடி வந்து குடியேறினார்கள். தீயின் கணக்கு நேர்மாறானது. சரிவில் மேல்நோக்கிப் போகும்போது ஒவ்வொரு பத்து டிகிரிச் சாய்வுக்கும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். கீழே இருக்கும் தீ மேலே உள்ள மரங்களை முன்கூட்டியே சூடாக்கிக் காயவைத்துவிடுகிறது. மனிதனுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். தீக்கு இறக்கத்தில்தான் வாங்கும்.

ஆனால் கிங்லேக்கைச் சாய்த்தது வெறும் ஏற்றம் இல்லை, காற்று மாறியது. அத்தான் வண்டியை ஓரம் கட்டி, தூசி படிந்த முன்கண்ணாடியில் விரலால் வரைந்து காட்டினார். பகல் முழுக்க வடமேற்குக் காற்று. தீ தென்கிழக்காக ஓடுகிறது, ஒல்லியாக, நீளமாக, ஈட்டி போல. ஈட்டியின் முனையில் இருப்பவர்கள்தான் பயப்பட வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. மாலையில் தெற்கிலிருந்து குளிர்காற்று வருகிறது. வெப்பமானி சட்டென்று இறங்குகிறது. நகரத்தில் எல்லோரும் ஜன்னலைத் திறந்து அப்பாடா என்கிறார்கள். “நாங்களும்தான் திறந்தோம்” என்றார். அதே நிமிடத்தில் இங்கே காற்று தென்மேற்காகத் திரும்புகிறது. ஈட்டியின் நீண்ட பக்கம் முழுவதும் முனையாகிறது. பல பத்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு சுவர் எழுந்து மலையேறுகிறது. நகரம் ஆறுதல் அடைந்த அந்தக் காற்றில்தான் கிங்லேக் போனது.

கண்ணாடியில் வரைந்ததை அவர் துடைக்கவில்லை. வீடு திரும்பும்வரை அந்த ஈட்டியின் ஊடாகத்தான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கிங்லேக்கின் காடு பச்சையாக இருக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் எதுவுமே நடக்காத இடம் என்பார்கள். மரங்களின் அடிப்பகுதியில் கை வைத்தால் கரி ஒட்டுகிறது, அவ்வளவுதான். இங்கிருக்கும் பல யூகலிப்டஸ் வகைகளுக்குப் பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் உண்டு. இலையெல்லாம் கருகிய சில வாரங்களில் தண்டெங்கும் துளிர் விட்டு, மரம் பச்சைக் கம்பளிச் சட்டை போட்டதுபோல் நிற்கும். புல்மரம் என்று ஒன்று இருக்கிறது. குட்டையான கரிய தண்டு, உச்சியில் கொத்தாகப் புல். தீக்குப் பிறகு நீளமான ஈட்டிப் பூவை நீட்டும். தீயைப் பழகிய காடு.

வெட்டவெளியில் நின்று இந்தத் துளிர்களைப் பார்த்தால் யாருக்கும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி சரியா என்பது நாலாம் நாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள்: வீட்டுக்குள்

முழுத் தீத்தடை நாள். வெட்டவெளியில் அடுப்பு மூட்டக் கூடாது, கல் அறுக்கும் இயந்திரம் ஓட்டக் கூடாது, வெல்டிங் கூடாது. காட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று அத்தான் சொன்னார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அறைக்குள் உட்காருவதா என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. வெளியே சொல்லவில்லை.

சாலையோரத்தில் அரைவட்டப் பலகை ஒன்றை நேற்று வழிநெடுகப் பார்த்தேன். காரின் வேகமானி மாதிரி முள்ளோடு. அது அன்றைய தீ அபாயத்தைக் காட்டும். இதன் பின்னால் 2022 வரை இருந்த கணக்கை 1960-களில் மெக்ஆர்தர் என்ற வனவியல் அறிஞர் உருவாக்கினார். வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், எவ்வளவு நாள் மழையில்லை என்பதையெல்லாம் சேர்த்து ஒரு எண். 1939-இன் கறுப்பு வெள்ளியை 100 என்று வைத்தார். இதற்கு மேல் இருக்க முடியாது என்ற நினைப்பு. 2009-இல் எண் 100-ஐத் தாண்டி வெகுதூரம் போனது. அளவுகோலில் இடமில்லாமல், அதற்கும் மேல் ‘பேரழிவு’ என்று ஒரு படியைப் புதிதாகச் சேர்த்தார்கள். இப்போது 2022 முதல் நாடு முழுக்க நான்கே படிகள்.

கறுப்பு வெள்ளிக்குப் பிறகு விசாரணை நடத்திய நீதிபதி ஸ்ட்ரெட்டனின் அறிக்கையைப் பகல் முழுக்கப் படித்தேன். 71 பேர் இறந்த தீ அது. அரசாங்க அறிக்கையில் இப்படியும் எழுதுவார்களா என்று இருந்தது. தீயை மூட்டியது மனிதக் கை என்று ஒளிக்காமல் எழுதுகிறார். காட்டிலேயே வாழ்ந்து பழகியவர்கள்கூட ஆபத்து வரப்போவதை உணர்ந்தார்கள், ஆனால் அது அவர்கள் கற்பனைக்கும் மீறியதாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் ஒரே வாக்கியம்: அவர்கள் போதிய காலம் வாழ்ந்திருக்கவில்லை.

அதைப் படித்துவிட்டு நான் சிறுபிள்ளைத்தனமாக ஒரு கணக்குப் போட்டேன். 1851, 1939, 1983, 2009, 2019. இடைவெளி 88, 44, 26, 10. நறுக்கென்று பாதி பாதியாகக் குறைகிறது! அக்காவிடம் காட்டினேன். “நடுவுல எதையும் விடலையே?” என்றாள். விட்டிருந்தேன். 1898, 1926, 1944, 2003. அழகாக அமைந்துவிடும் கணக்கை நம்பக் கூடாது. சரி, பெயர் வாங்கிய தீகளை எண்ணுவதைவிட, ஒரே காடு எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எரிகிறது என்று பார்ப்பதுதான் முறை. அதை மலையில்தான் பார்க்க வேண்டும்.

மாலையில் காற்று மாறியது. வெப்பம் இருபது நிமிடத்தில் பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. அக்கா ஜன்னல்களைத் திறந்தாள். மூன்று பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள்: பிளாக் ஸ்பர், மேரிஸ்வில்

ஹீல்ஸ்வில் தாண்டியதும் மலைப்பாதை. இதற்கு பிளாக் ஸ்பர் என்று பெயர். கீழே பெரணி மரங்கள் குடை விரித்திருக்க, அவற்றுக்கு மேலே கிளையே இல்லாத வெளிர்ச் சாம்பல் நிறத் தண்டுகள் நேர்கோடாக வானத்துக்குப் போகின்றன. மவுண்டன் ஆஷ். பூக்கும் தாவரங்களில் உலகிலேயே மிக உயரமானவற்றில் ஒன்று. டாஸ்மேனியாவில் ஒன்று 100 மீட்டரைத் தொடுகிறது. ‘ஆஷ்’ என்றால் சாம்பல் என்று நினைத்து, என்ன பொருத்தமான பெயர் என்று வியந்துகொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். இங்கிலாந்தில் ஆஷ் என்று ஒரு மரம் உண்டு. குடியேறியவர்களுக்கு இதன் கட்டை அதைப் போல இருந்திருக்கிறது. ஆனாலும் தமிழில் நினைக்கிறவனுக்கு இது சாம்பல் மரம்தான்.

கொஞ்ச நேரம் பார்த்தபின்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. எல்லா மரங்களும் ஒரே உயரம். ஒரே பருமன். குழந்தை மரம் இல்லை, கிழட்டு மரமும் கண்ணில் படவில்லை. எல்லாமே 1939 தீக்குப் பிறகு ஒரே பருவத்தில் முளைத்தவை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு வகுப்பு மட்டும் இருப்பதுபோல.

இந்த மரம் கிங்லேக்கில் பார்த்த மரங்களைப் போலத் துளிர்க்காது. மேல்பட்டை மெல்லியது, கடும் தீ வந்தால் செத்துவிடும். அதன் வழி வேறு. உச்சியில் சின்னச் சின்னக் காய்களுக்குள் விதையைப் பூட்டி வைத்திருக்கும். தீயின் வெப்பத்தில் காய்கள் வெடித்து, அடங்கிய சாம்பலின் மேல் விதை மழையாகக் கொட்டும். போட்டிக்குப் புல் இல்லை, நிழல் இல்லை. ஒரு ஹெக்டேரில் லட்சக்கணக்கான நாற்று. அடர்ந்த காட்டின் இருட்டில் அதன் விதை முளைத்தாலும் தேறாது. ஆக, இந்தக் காட்டுக்குத் தீ வேண்டும். எப்போதாவது, நூறு வருடத்துக்கோ இருநூறு வருடத்துக்கோ ஒருமுறை. கிங்லேக்குக்கு மேற்கே வாலபி க்ரீக் என்ற இடத்தில் 300 வயதுக்கு மேல், 90 மீட்டருக்கு மேல் வளர்ந்த மரங்கள் நின்றன. 2009 அவற்றைக் கொண்டுபோனது.

மரூண்டா அணையில் இறங்கிக் கொஞ்சம் உட்கார்ந்தோம். 1927-இல் கட்டியது. மெல்பர்னின் குடிநீரில் பெரும்பங்கு இப்படிப்பட்ட மலைக்காட்டு நீர்ப்பிடிப்புகளில் இருந்து வருகிறது. காடு எரிந்தால் தண்ணீருக்கு என்ன ஆகும்? சாம்பல் கலக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். பெரிய இழப்பு அது இல்லை. எரிந்த காட்டில் லட்சக்கணக்காக முளைக்கும் இளம் மரங்கள் வளர்கிற வேகத்தில் தண்ணீரைக் குடித்துத் தள்ளும். கிழக்காடு அளவாகக் குடிக்கும். 1939-க்குப் பிறகு ஓடைகளின் வரத்து பல பத்தாண்டுகள் குறைந்தே இருந்திருக்கிறது. இருபத்தைந்து முப்பது வருடம் கழித்துத்தான் அதன் அடிமட்டம். தீயணைந்து ஒரு தலைமுறை கழித்து வரும் பஞ்சம். அப்போது யாராவது குழாயைத் திறந்து, இது 1939-இன் பாக்கி என்று நினைத்திருப்பார்களா?

மேரிஸ்வில் நாங்கள் போனபோது மதியம். மரங்கள் சூழ்ந்த தெரு, சின்ன ஓடை, எல்லாமே புதுக் கட்டடம். இந்த ஊரின் அழகுக்கு ஏதோ குறைகிறது என்று யோசித்தேன். பழைய சுவர் என்று ஒன்றுகூட இல்லை. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு மரிண்டிண்டி என்ற இடத்தில் தொடங்கிய தீ, காற்று திரும்பியதும் இந்த ஊரின் மேல் வந்து இறங்கியது. 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணும்படி. அந்தத் தீயில் மொத்தம் 40 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பலர் ஊர் நடுவே உள்ள கல்லிபோலி பூங்காவின் புல்வெளியில் திரண்டு, வண்டி வரிசையாகப் பக்கத்து ஊருக்குப் போனவர்கள். அந்தப் புல்வெளியில் இன்று இரண்டு பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

“வீட்டைத் தயார் செய்து நின்று காப்பாற்று, இல்லையென்றால் முன்கூட்டியே கிளம்பு” என்பது அதுவரை இருந்த அறிவுரை. சாதாரணத் தீக்குச் சரியான அறிவுரைதான். தீமுனை சில நிமிடங்களில் கடந்துவிடும், தயாரான வீடு தாங்கும். 2009-இல் இறந்த 173 பேரில் 113 பேர் வீட்டுக்குள் இறந்தார்கள். அறிவுரையின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை: பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். அத்தானின் நண்பர் சொன்னது போல. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். நேற்று வீட்டில் உட்கார வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தவன்தானே.

இரவில் ஸ்டீவன்சன் அருவிக்குப் போனோம். 84 மீட்டர். அருவி நீரிலேயே ஓடும் சின்ன மின்னாக்கியில் விளக்கு எரிகிறது. அது மட்டும் மனதை லேசாக்கியது.

ஐந்தாம் நாள்: லேக் மவுண்டன்

இதற்காகத்தான் வந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மேரிஸ்வில்லில் இருந்து மேலே ஏறும் சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை மரங்கள். பட்டையும் இலையும் கிளையும் இல்லாமல், சரிவு முழுக்க, அடுத்த சரிவிலும், அதற்கடுத்ததிலும். சீப்பின் பற்கள் மாதிரி. 2009-இல் செத்த மரங்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே, பாதி உயரத்துக்கு, நெருக்கியடித்துக்கொண்டு பசுமையான இளங்காடு. இறந்தவர்கள் நிற்க, பிள்ளைகள் காலடியில் வளர்கிற காட்சி.

இந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பிறந்தநாள். இந்த மரம் விதை பிடிக்க ஏறக்குறைய இருபது வருடம் ஆகும். இவற்றுக்கு இப்போதுதான் அந்த வயது நெருங்குகிறது. இந்த இடைவெளிக்குள் இன்னொரு கடுந்தீ வந்தால் பூட்டி வைத்த விதை இருக்காது. அம்மா மரங்கள் ஏற்கெனவே செத்தாயிற்று. பிறகு வருவது வேறு காடு: வேல மர வகைகள், புதர், புல். அதுவும் இன்னும் எளிதில் எரியும்.

இது பயமுறுத்தும் கற்பனை இல்லை. இதன் தம்பி மரமான ஆல்பைன் ஆஷ் காடுகளில் நடந்தேவிட்டது. 2003, 2006-07, 2009, 2013, 2019-20 என்று அடுத்தடுத்து வந்த தீகளில் சில சரிவுகள் இருபது வருடத்துக்குள் இரண்டு மூன்று தடவை எரிந்தன. முதல் தீயில் முளைத்தது இரண்டாவது தீயில் காய்க்கும் முன்பே போனது. அங்கெல்லாம் வனத்துறை ஹெலிகாப்டரில் விதை தூவுகிறது. சேமித்த விதை தீராமல் இருக்க வேண்டும், தூவிய இடம் இருபது வருடம் எரியாமல் இருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. இடைவெளி குறைகிறதா என்று நான் ஆண்டுகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்துக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. அதற்கு ஒரே ஒரு எண்தான்: இருபது. அதைவிட அதிகம் என்றால் காடு, குறைவு என்றால் இல்லை. கிங்லேக்கின் துளிர்களைப் பார்த்து எனக்கு வந்த நிம்மதி இங்கே செல்லாது. இந்தத் தேசத்து மரங்கள் தீயைப் பழகியவை என்பது உண்மை. எந்த வேகத்தில் வரும் தீயை என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

தீ ஏன் அடிக்கடி வருகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஆஸ்திரேலியா 1910-இல் இருந்து ஏறக்குறைய ஒன்றரை டிகிரி சூடாகியிருக்கிறது. அந்த நாட்டின் பதிவுகளிலேயே அதிக வெப்பமும் குறைந்த மழையும் கண்ட ஆண்டு 2019. அதன் கடைசியில்தான் மல்லகூட்டாவில் மக்கள் கடற்கரைக்கு ஓடி, சிவந்த இருட்டில் நின்றார்கள். கடற்படைக் கப்பல் வந்து ஏற்றிப் போனது. அந்தக் கோடைத் தீக்கான வானிலை அமையும் வாய்ப்பைப் புவி வெப்பமாதல் குறைந்தது 30 சதவீதம் கூட்டியிருக்கிறது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். குறைந்தது என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

உச்சியில் ஸ்னோ கம் மரங்கள். பனியில் வளைந்து நெளிந்து வளரும் குட்டை யூகலிப்டஸ். இவையும் 2009-இல் எரிந்தன. பழைய தண்டுகள் எலும்பு போல வெளுத்து நிற்க, வேரடிக் கிழங்கில் இருந்து புதுக் கிளைகள் புதராக எழும்பியிருக்கின்றன. காற்று அடித்தபோது பச்சை மட்டும் ஆடியது, வெள்ளை ஆடவில்லை.

இந்தக் காட்டில் லெட்பீட்டர்ஸ் பாஸம் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிராணி இருக்கிறது. மாநிலத்தின் சின்னம் அதுதான். மரப்பொந்தில்தான் வாழும். ஆஷ் மரத்தில் அதற்கு ஏற்ற பொந்து விழ நூற்றைம்பது வருடம்போல ஆகும். இன்று நான் பார்த்த இளங்காட்டில் அதற்கு ஒரு வீடுகூட இல்லை. செத்த வெள்ளை மரங்களில்தான் பொந்து உண்டு; அவையும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கின்றன. ஒன்று விழுந்த சத்தம் கேட்டது என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. விழுந்து கிடந்தவற்றைத்தான் பார்த்தேன்.

ஆறாம் நாள்: நூஜீ

மலைப்பாதையிலேயே வளைந்து வளைந்து வார்பர்ட்டன், அங்கிருந்து நூஜீ. பாதி வழியில் எனக்குத் தலைசுற்றியது. அத்தான் மலர்ச்சியாக இருந்தார். வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தலைசுற்றுவதில்லை.

நூஜீயில் மரத்தால் கட்டிய ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. 102 மீட்டர் நீளம், 21 மீட்டர் உயரம், முழுக்கத் தடித்த தூண்களும் சட்டங்களும். மலைக்காட்டு மரத்தைக் கீழே கொண்டுவரப் போட்ட பாதை. 1939-இல் எரிந்துபோய், மறுபடி மரத்தாலேயே கட்டினார்கள். தண்டவாளம் இப்போது இல்லை, நடந்து போகலாம். எரிந்த இடத்தில் மறுபடி மரத்தாலேயே கட்டியதை அசட்டுத்தனம் என்பதா, வேறு என்ன இருந்தது என்பதா? கட்டியவர்கள் கையில் மரம்தான் இருந்தது.

அந்த நாளில் மர அறுவை ஆலைகள் காட்டின் நடுவிலேயே இருந்தன. தொழிலாளர் குடும்பங்களும் அங்கேயே. மட்லாக் அருகே ஒரு ஆலையில் 15 பேர் ஒன்றாக இறந்தார்கள். ஒரே ஒருவர் ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெட்டவெளியில் நின்று பிழைத்தார். பதுங்கு குழி வெட்டி வைத்திருந்த சில ஆலைகளில் ஆட்கள் தப்பினார்கள். அதற்குப் பிறகு ஆலைகள் காட்டை விட்டு ஊர்களுக்கு இறங்கின. இயற்கைக் காட்டில் மரம் வெட்டுவதையே 2024 தொடக்கத்தில் இந்த மாநிலம் நிறுத்திவிட்டது. வெட்டிய இடத்தில் அடர்த்தியாக முளைக்கும் இளங்காடுதான் கடுமையாக எரிகிறது என்று ஒரு சாராரும், காட்டுக்குள் ஆளும் இயந்திரமும் இருந்ததால்தான் தீயைச் சீக்கிரம் பிடிக்க முடிந்தது என்று மறு சாராரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்த்ததை வைத்து முதல் சாரார் பக்கம் சாய்கிறேன். ஆனால் ஐந்து நாள் பார்த்தவன் சொல் அது.

பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தானின் போன் ஒலித்தது. நாளைக்கு மறுபடி முழுத் தீத்தடை, 41 டிகிரி, பலத்த வடக்குக் காற்று. நாளை மதியம்வரை இங்கே தங்குவதாக இருந்தோம். அறைக்குப் பணமும் கட்டியாயிற்று.

“என்ன மாப்ளே, காலைல எழுந்து எப்படி இருக்குன்னு...” என்று ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

மணி நாலு. வெயில் சாதாரணமாகத்தான் இருந்தது, வானத்தில் ஒரு துளி புகை இல்லை. பாலத்தின் மறுமுனைவரை போகாமலே இருவரும் திரும்பி நடந்தோம். அக்காவுக்கு இருட்டுவதற்குள் வந்துவிடுகிறோம் என்று செய்தி அனுப்பினேன்.